அளவு சரியாக இருக்கிறது

சித்திரையில் பட்டணம் காலியானபோது
அப்பா துறைமுகத்தில் கிரேன் கணக்கு,
அம்மா பிரசவ ஆஸ்பத்திரியில் தாதி.
இரண்டு பேருக்கும் லீவு இல்லை.
குண்டுக்குப் பயந்து
யாரும் பிள்ளை பெறுவதைத் தள்ளிப்போடவில்லையே.
ஆறு வயது நவநீதத்தை மட்டும்
எழும்பூரில் ரயிலேற்றிவிட்டார்கள்,
அப்பாவின் சிநேகிதருடைய தங்கை வீட்டுக்கு.
கடலூர் ஓ.டி.,
மல்லாட்டை மண்டிக்குப் பின்சந்து.

ஸ்டேஷனில் சலேத்தம்மா கேட்ட முதல் கேள்வி:
"மீன் துன்னுவியா?"
ம்ஹும் என்றேன்.
ஒரு மாசம் அந்த வீட்டில் யாரும் தின்னவில்லை.
பிறகு ஒருநாள்
நானே தட்டை நீட்டினேன்.

தீபாவளிக்குத் தீபாவளி
ராயபுரத்திலிருந்து பார்சல் வரும்.
அம்மா தைத்த சீட்டிப் பாவாடை.
நான் விட்டுவந்த பழசு ஒன்றுதான்
அங்கே அளவு.
அதை விரித்து, மேலே புதுத்துணி போட்டு
வெட்டியிருப்பாள்.

முதல் வருஷம் இரண்டு விரல் குட்டை.
சலேத்தம்மா தன் பழைய சேலையில்
கரையைக் கிழித்துக் கீழே வைத்துத் தைத்தாள்.
அடுத்த வருஷம் நாலு விரல்.
துணி கிடைக்காத காலம்.
ஜன்னலில் மாட்டச் சொல்லியிருந்த
கறுப்புத் துணியில் ஓரம் நறுக்கினாள்.
பண்டிகையும் அதுவுமா கறுப்பா என்று
அவளே முணுமுணுத்து
மஞ்சள் நூலில் ஏழு வாத்து போட்டாள்.
ஏழாவதுக்கு அலகு வருமுன்
நூல் தீர்ந்துவிட்டது.
"ஜப்பான்காரனுக்கு வாத்து தெரியப்போவுது"
என்றார் சவரிநாதன் மாமா.

மூன்றாம் வருஷம் ஒரு சாண்.
அது எந்தத் துணி என்று சொல்லவில்லை.
ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டிய சேலையில்
முந்தானை சின்னதாகியிருந்தது.

பார்சலோடு ஒரு துண்டுக் காகிதமும் வரும்:
அளவு சரியாக இருக்கிறதா?
சலேத்தம்மாவுக்கு எழுத வராது.
இரண்டு தடவை மாமா எழுதினார்.
மூன்றாவதை நான்,
சிஸ்டர் பள்ளிக்கூடத்துக் குண்டு எழுத்தில்
அவள் சொல்லச் சொல்ல:
அளவு சரியாக இருக்கிறது.

"ஏம்மா பொய்?" என்றேன்.
எப்போதிலிருந்து அவளை
அம்மா என்று கூப்பிட்டேன், நினைவில்லை.
"தூரத்துல இருக்கவளுக்கு
நீ வளந்தத எப்புடிடி எழுதுறது?"

சண்டை முடிந்ததென்று
மண்டியில் ஆளுக்கொரு அச்சு வெல்லம் கொடுத்தார்கள்.
அது கரைவதற்குள்
அம்மா வந்துவிட்டாள்.
பிளாட்பாரத்தில்
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்
"பசிக்குதா?" என்றார்கள்.
ரயிலைப் பார்த்துக்கொண்டு
இல்லை என்றேன்.
பசித்தது.

ராயபுரத்தில்
மல்லாட்டை என்றால் தெருவே சிரித்தது.
வேர்க்கடலையாம்.
ஞாயிறு காலை மாதா கோயில் மணி அடித்ததும்
தூக்கத்திலேயே எழுந்து
முக்காட்டுத் துணியைத் தேடினேன்.
கண்ணாடி முன்னால்
பொட்டு வைக்கப்போன அம்மாவின் விரல்
நெற்றிக்கு எதிரே நின்றது.

அன்று ராத்திரி
என் தகரப்பெட்டியைத் திறந்து
மூன்று பாவாடைகளையும் உட்புறம் திருப்பி
மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.
ஒட்டுகளின்மேல் விரல் வைத்து அளந்தாள்.
இரண்டு. நாலு.
அப்புறம் கையை அகல விரித்து, ஒன்று.
அலகில்லாத வாத்தை நகத்தால் நெருடினாள்.
பிரிக்கப்போகிறாள் என்று நினைத்து
தூங்குவதுபோல் கிடந்தேன்.
பிரிக்கவில்லை.
"நல்ல நெருக்கமான தையல்" என்றாள்,
அறையில் வேறு யாரும் இல்லை.

காலையில் கூப்பிட்டாள்.
கையில் இன்ச் டேப்.
இடுப்பைச் சுற்றியபோது
மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டேன்.
கணுக்கால்வரை இறக்கியபோது
பாவாடைக்குள், தெரியாதபடி,
முழங்காலைக் கொஞ்சம் மடக்கினேன்.

"நேரா நில்லுடி."

நின்றேன்.
அவள் வாங்கி வைத்திருந்த சீட்டி
எட்டவில்லை.